குழாய் குடையும் சிப்பி

மும்பைக் கடலுக்குள் பிளாஸ்டிக் குழாய்களும் கேபிள்களும் போய்க்கொண்டே இருக்கின்றன. அவற்றில் ஓட்டை போடத் தெரிந்த உயிரினம் அந்தக் கடலில் முன்பே குடியிருக்கிறது.

தாராவியின் 13வது காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிப்பவர்களுக்கு ஆய்வகம் தேவையில்லை, ஒரு தொட்டித் தண்ணீர் போதும். நறுக்கிய துண்டுகளை அள்ளிப் போட்டால் எச்.டி.பி.இ. மிதக்கும், பி.வி.சி. அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதிலும் சந்தேகம் என்றால் துண்டின் ஓரத்தைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். மெழுகுவர்த்தி அணைந்த வாசனை வந்தால் எச்.டி.பி.இ. மூக்கை அறுக்கும் நெடி வந்தால் பி.வி.சி. அந்த நெடி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி. நுரையீரலை விலையாகக் கொடுத்துப் பெறும் அறிவு அது. அந்தச் சோதனையை நிறுத்த ஒரு மலிவான கருவியை அவர்கள் கையில் கொடுப்பதுதான் நியாயம்.

இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, பிளாஸ்டிக் மக்காது என்பது. உடைக்கலாம், அரைக்கலாம், உருக்கி மணியாக்கலாம். தானாகப் போகாது. பொறியாளர்களும் இதை நம்பித்தான் கடலுக்கடியில் பிளாஸ்டிக் குழாயை இறக்குகிறார்கள். இரும்பு உப்புநீரில் துருப்பிடிக்கும், மரத்தைப் புழு அரிக்கும், பிளாஸ்டிக்குக்கு இந்த இரண்டு கவலையும் கிடையாது என்பது கணக்கு. துரு விஷயத்தில் அந்தக் கணக்கு சரி. உயிரினங்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

மார்ட்டீசியா ஸ்ட்ரையேட்டா. சிப்பி இனத்தைச் சேர்ந்தது, வெப்பக் கடல்கள் எங்கும் பரவியிருப்பது. மும்பைக்கு அது புதிய விருந்தாளி அல்ல. 1950களிலேயே வி.சி. பலேகர், டி.வி. பால் என்ற இரண்டு விலங்கியலாளர்கள் பம்பாய்த் துறைமுகத்தில் மூழ்கிக் கிடக்கும் மரங்களைச் சேதப்படுத்தும் உயிரினங்களை ஆராய்ந்து எழுதினார்கள். அவர்களுக்குப் பிறகு எல்.என். சாந்தகுமாரன் இதே கடலின் மரம் துளைக்கும் உயிரினங்களை ஆராய்ந்தார். படகுக்கும் தோணித்துறைக்கும் வந்த கேடு என்ற கோணத்தில்தான் அன்று இதைப் பார்த்தார்கள். குழாய் என்ற பேச்சே அப்போது இல்லை.

இந்தச் சிப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அபாயமானதாகத் தோன்றாது. விரல் நுனி அளவு, பெரிதாக வளர்ந்தாலும் நான்கைந்து சென்டிமீட்டர்தான். வெள்ளை ஓடு. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் குறுகிப் போகும். முன்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பினால் வரிவரியாகப் பொடிப் பற்கள் தெரியும், பட்டறையில் வைத்திருக்கும் அரத்தைப் போல. ஓடுகளுக்கு நடுவிலிருந்து ஒரு பாதம் வெளியே வரும். அந்தப் பாதத்தால் எதிரே இருக்கும் பரப்பைக் கவ்விக்கொண்டு, ஓட்டை இப்படியும் அப்படியும் அசைத்துச் சுரண்டும். கொஞ்சம் திரும்பி மறுபடி சுரண்டும். அதனால் துளை வட்டமாகவே விழுகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே ஊர்வது எறும்பு அல்ல, கால்சியம் கார்பனேட் பற்கள். தேய்வதும் கல்லைவிட மெத்தென்ற பொருள்.

குழாய் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். குஞ்சுப் பருவத்தில் இது கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதந்து திரியும். இடம் பிடித்து உட்கார்ந்ததும் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை போட்டு உள்ளே போய்விடும். உள்ளே போன பிறகு வளரும், வளர வளர அறையை அகலமாக்கும், ஆனால் வாசலை அகலமாக்காது. வாழ்நாள் முழுக்க அந்த அறைதான் அதன் உலகம். மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மெல்லிய குழல்களை அந்தச் சின்ன வாசல் வழியே நீட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது ஊசித்துளை, உள்ளே இருப்பதோ விரல் நுழையும் பொந்து. மும்பைக் கடல் போன்ற சேற்று நீரில், பாசியும் கொட்டலசும் மூடிய குழாயின் மேல், முக்குளிப்பவர் கைவிளக்கோடு போனாலும் இந்தத் துளை கண்ணில் படுவது சிரமம்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. இது தான் குடையும் பொருளைத் தின்பதில்லை. கப்பல் புழு என்று பேர்பெற்ற டெரிடோ இதற்குத் தூரத்துச் சொந்தம், அதுவும் உண்மையில் புழு அல்ல, நீண்டுபோன சிப்பிதான். டெரிடோ மரத்தைத் தின்கிறது. அதைச் செரிக்க அதன் உடலிலேயே பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அதற்குப் பிளாஸ்டிக்கால் பயன் இல்லை. மார்ட்டீசியாவுக்கோ வேண்டியது வீடு மட்டும். சாப்பாடு கடல்நீரில் மிதந்து வருகிறது. ஆகவே மரமா, மென்பாறையா, ஈயமா, பிளாஸ்டிக்கா என்ற பேதம் அதற்குப் பெரிதாக இல்லை. சுரண்ட முடிகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி.

ஈயம் என்றதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கடலடிக் கேபிள்களைச் சுற்றியிருந்த ஈய உறையை இதே சிப்பி துளைத்ததை 1960ல் ‘சயன்ஸ்’ இதழில் ஸ்பிரிங்கர், பீமன் என்ற இருவர் பதிவு செய்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, கேபிள் உறைக்குப் பயன்படும் ரப்பர், பிளாஸ்டிக் வகைகளைக் கடலில் ஊறப்போட்டு எதை உயிரினங்கள் தாக்குகின்றன என்று பெல் ஆய்வகத்தின் எல்.ஆர். ஸ்னோக் சோதித்து எழுதியிருந்தார். 2003ல் ஒரு சர்வதேச ஆய்விதழில் வந்த கட்டுரை நேரடியாகக் குழாயைப் பற்றியது. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் குழாய்களை மார்ட்டீசியா ஊடுருவித் துளைத்திருந்ததை அது விவரித்தது. எழுதியவர்களில் ஒருவர் எஸ். ராஜகோபால். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல்நீர் கொண்டுவரும் 468 மீட்டர் சுரங்கத்தில் பச்சை ஆளி அடைத்துக்கொண்ட பிரச்சினையை முன்பு ஆராய்ந்தவர் அவர். அங்கே பார்த்தது ஒட்டிக்கொண்டு அடைக்கும் சிப்பியை, இங்கே துளைத்துக்கொண்டு போகும் சிப்பியை.

தேக்கு, செம்பு, குட்டா பெர்ச்சா

மும்பை இந்த விஷயத்தில் அனுபவம் இல்லாத நகரம் அல்ல. 1736ல் சூரத்திலிருந்து லவ்ஜி நசர்வான்ஜி வாடியா வந்து கப்பல் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே மரத்துக்கும் துளைக்கும் உயிர்களுக்கும் போராட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. மலபார் தேக்கில் கட்டி 1817ல் இங்கே நீரில் இறக்கிய ‘எச்.எம்.எஸ். திரிங்கோமலி’, நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல், இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. தேக்கின் குணம் ஒரு காரணம். நீருக்கடியில் இருக்கும் பாகத்துக்குச் செம்புத் தகடு போர்த்தும் அக்காலத்து வழக்கம் மற்றொரு காரணம். நம் கரைகளில் கட்டுமரக்காரர்கள் இன்னும் எளிய வழி வைத்திருந்தார்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயப்போட்டுவிடுவது. உள்ளே புகுந்த குஞ்சு வெயிலில் காய்ந்து செத்துவிடும்.

1870ல் கடலடித் தந்தி பம்பாய்க்கு வந்தது. ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்ற ராட்சதக் கப்பல் பம்பாயிலிருந்து ஏடனுக்குக் கேபிள் இழுத்துக்கொண்டு போனது. அந்தக் காலத்துக் கடலடிக் கேபிளின் உள்கம்பிக்கு மேல் பூசியது குட்டா பெர்ச்சா, மலேயாக் காடுகளின் மரப்பால். சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், மின்சாரத்தைக் கடத்தாது. இன்றைய பிளாஸ்டிக் உறைகளுக்கு மூத்த அண்ணன் என்றே அதைச் சொல்லலாம். வெப்பக் கடல்களின் ஆழமில்லாத இடங்களில் அந்த உறைக்குள் துளைக்கும் சிப்பிகள் புகுந்து கேபிள்களைச் செயலிழக்கச் செய்தன. கடைசியில் உள்கம்பியைச் சுற்றி மெல்லிய பித்தளை நாடாவை இறுக்கிச் சுற்றித்தான் கேபிள் கம்பெனிகள் தப்பித்தன. செயற்கை பிளாஸ்டிக் வருவதற்கு வெகு நாளைக்கு முன்பே, மென்மையான உறையைக் கடலில் நம்பிப் போடக்கூடாது என்ற பாடம் கிடைத்துவிட்டது.

மரத்துக்கு வந்த பெரிய மருந்து இந்தியாவில் பிறந்தது என்பதைப் பெருமையாகவே சொல்லலாம். 1933ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொந்தி காமேசன் செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் சேர்த்து மரத்தில் ஏற்றும் கலவையைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கத் தந்திக் கம்பங்களும் தோணித்துறைத் தூண்களும் அந்தக் கலவையில் ஊறின. இந்தியக் கடல்களில் எந்த மரம், எந்த மருந்து, எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க 1953ல் தனியாக ஒரு குழுவே வேலையைத் தொடங்கியது. துறைமுகம் துறைமுகமாக மரப்பலகைகளைத் தொங்கவிட்டு, எடுத்துப் பிளந்து, எண்ணிப் பார்த்தார்கள். 1970 வரை செய்த வேலையின் அறிக்கை 1971ல் வெளிவந்தது. மரத்துக்கு இந்த நாடு பதினேழு ஆண்டுகள் பொறுமையாகச் செய்த சோதனை அது. அதற்குப் பிறகு காலம் பிளாஸ்டிக் பக்கம் திரும்பியது. ஆர்செனிக்கின் நஞ்சு பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கத் துறைமுகங்களில் மரத்தூண்களைச் சுற்றிப் பி.வி.சி. தாளை இறுகப் போர்த்தி, உள்ளே இருக்கும் துளைப்பான்களை மூச்சுத் திணறடித்துக் கொன்றார்கள். பிளாஸ்டிக்கே மருந்தானது. மருந்தான பொருளையும் துளைக்கும் உயிர் கடலில் இருப்பதை அந்த வெற்றி மறக்கடித்துவிட்டது.

நீர் தெளிந்தால்

இப்போது தாராவியின் வடக்கு ஓரத்துக்கு வருவோம். மித்தி ஆறு கடலோடு கலக்கும் மாகிம் கழிமுகம். ஒரு பக்கம் சதுப்புக்காடு, குப்பைமேட்டை மாற்றி உருவாக்கிய மாகிம் இயற்கைப் பூங்கா. இன்னொரு பக்கம் நகரத்தின் சாக்கடை. இந்த நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. துளைக்கும் சிப்பிக்கும் மூச்சு வேண்டும். அதனால் நம் கழிவே இத்தனை நாள் அதைத் தள்ளி வைத்திருக்கிறது.

நியூயார்க் துறைமுகத்தில் இதே கதை நடந்து முடிந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த நீர் அவ்வளவு அழுக்கு, கப்பல் புழு கூட வாழ முடியவில்லை. மரத்தூண்கள் பத்திரமாக நின்றன. 1972ல் தூய நீர்ச் சட்டம் வந்தது, சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, நீர் தெளிந்தது, மீன்கள் திரும்பின. கூடவே துளைப்பான்களும் திரும்பின. புரூக்ளின் பாலப் பூங்காவின் துறைமேடைகளைத் தாங்கும் ஆயிரக்கணக்கான மரத்தூண்களுக்கு உறை போட்டுப் பாதுகாக்கப் பெருந்தொகை செலவானது.

மும்பையும் இப்போது அந்தப் பாதையில்தான் இறங்கியிருக்கிறது. வொர்லி, பாந்த்ரா, மலாட், காட்கோபர், தாராவி, பாண்டுப், வெர்சோவா என ஏழு இடங்களில் புதிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஏழும் சேர்ந்து நாளொன்றுக்கு 246 கோடி லிட்டருக்கு மேல் சுத்திகரிக்க வேண்டும் என்பது திட்டம். இது நடந்தே தீர வேண்டும். தாராவியின் பிள்ளைகள் அந்த நாற்றத்தில் வளரக்கூடாது, மாகிம் கோலிவாடா மீனவர்களின் வலையில் மறுபடி மீன் விழ வேண்டும். அதே நேரத்தில், நீர் தெளியும்போது இந்தச் சிப்பியும் வரும் என்பதை இப்போதே திட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அழுக்கு நீரில் இருபது ஆண்டு நின்ற பொருள் தெளிந்த நீரிலும் நிற்கும் என்று யாரும் கணக்குப் போடக்கூடாது.

கடலுக்குள் போகும் பொருட்களும் கூடிக்கொண்டிருக்கின்றன. எலிஃபன்டா தீவுக்கு 2018 பிப்ரவரியில்தான் மின்சாரம் கிடைத்தது, 7.5 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் வழியாக. மனோரியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை மாநகராட்சி திட்டமிட்டிருக்கிறது. முதலில் நாளொன்றுக்கு 20 கோடி லிட்டர், பின்னர் 40 கோடி. விரிவான திட்ட அறிக்கைக்காக 2021ல் இஸ்ரேலின் ஐ.டி.இ. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். இப்படிப்பட்ட ஆலைக்குக் கடலிலிருந்து நீர் உறிஞ்ச ஒரு குழாய், மிஞ்சும் உவர்நீரைக் கடலில் விட ஒரு குழாய் வேண்டும். சென்னையை அடுத்த நெம்மேலியில் இதே போன்ற ஆலைக்கு எச்.டி.பி.இ. குழாயைத்தான் கடலில் இறக்கினார்கள். தாராவித் தொட்டியில் மிதக்கும் அதே பொருள் என்பதால் கடலிலும் அது மிதக்கும். கான்கிரீட் பாரம் கட்டித்தான் மூழ்கடிக்க வேண்டியிருக்கும்.

இங்கே பயத்தைக் கிளப்புவது என் நோக்கம் அல்ல. ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு விட்டம் கொண்ட எச்.டி.பி.இ. குழாயின் சுவரே பல சென்டிமீட்டர் தடிமன். அந்தப் பொருள் சுரண்டினால் பொடியாக உதிர்வதைவிட இழுபடும் குணம் கொண்டது. மார்ட்டீசியா முழு வளர்ச்சி அடைந்ததும் தன் ஓட்டின் முன்வாயைச் சுண்ணாம்புத் தகட்டால் மூடிக்கொள்ளும், பாதம் சுருங்கிவிடும், அதோடு குடைவதும் நிற்கும். பொருள் கடினமாக இருந்தாலோ பக்கத்தில் கூட்டம் நெருக்கினாலோ, குட்டையாக இருக்கும்போதே மூடிக்கொண்டுவிடும். ஆகவே ஒரு சிப்பியின் துளைக்கு எல்லை உண்டு. பெரிய குழாய் இதனால் நாளைக்கே வெடித்துவிடாது.

ஆபத்து சின்னச் சமாச்சாரங்களில் இருக்கிறது. குளோரின் கலக்கும் மெல்லிய பி.வி.சி., ஏ.பி.எஸ். குழாய்கள், நீர் மாதிரி எடுக்கும் குழல்கள், இணைப்புகள், கேபிளின் வெளியுறை. இவற்றின் சுவர் சில மில்லிமீட்டர்தான். ஒரே சிப்பியின் ஆயுளுக்குள் துளை மறுபக்கம் போய்விடும். செலவுப் பட்டியலின் கடைசி வரியில் வரும் சாமான்கள் என்பதால் இவற்றைப் பற்றி யாரும் கூட்டம் போட்டுப் பேசுவதில்லை. ஆனால் குளோரின் குழாயில் துளை விழுந்தால் குளோரின் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. அது போகாவிட்டால் பெரிய குழாயின் உள்ளே சிப்பிக் கூட்டம் குடியேறும்.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் இருப்பவர்களுக்குக் கடல்நீர்க் குழாயின் அருமை புரியும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சைரஸ் அணு உலை 1960லிருந்து 2010 முடிய ஓடியது, துருவா 1985லிருந்து ஓடுகிறது. இரண்டிலும் கடைசியில் வெப்பத்தை வாங்கிக்கொள்வது கடல்நீர். இத்தகைய நிலையங்கள் குளோரினை நம்புகின்றன. குளோரின் பாதுகாப்பது குழாயின் உட்புறத்தைத்தான். திறந்த கடலைப் பார்த்திருக்கும் வெளிப்புறத்துக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. மார்ட்டீசியா வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

இன்னொரு தீங்கும் உண்டு. தின்னாமல் குடைகிறது என்று சொன்னோம் இல்லையா, குடைந்த பொடி எங்கே போகிறது? அப்படியே கடலுக்குள். தோணித்துறைகளின் கீழே கட்டும் தெர்மோகோல் மிதவைகளை ஸ்ஃபீரோமா என்ற சின்ன ஓட்டுடலிகள் துளைத்து, ஒவ்வொரு பொந்திலிருந்தும் ஆயிரக்கணக்கான நுண்துகள்களைக் கடலில் விடுவதை 2012ல் டிமோதி டேவிட்சன் என்ற ஆய்வாளர் காட்டினார். அதே குடும்பத்தின் ஸ்ஃபீரோமா டெரிபிரன்ஸ் இந்தியக் கழிமுகங்களில் சதுப்பு மரங்களையும் தோணித்துறைத் தூண்களையும் துளைப்பது பழைய செய்தி. பிளாஸ்டிக் மக்காது என்பது சரி. அது பொடியாகும், பொடியை மீன் விழுங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடியவை

வழிகள் இருக்கின்றன, பெரும்பாலும் மலிவானவை. முதலில் குழாயைச் சேற்றுக்குள் புதைப்பது. மண்ணுக்குள் இருக்கும் பரப்பில் குஞ்சு உட்கார முடியாது, மூச்சுக்கு நீரோட்டமும் கிடைக்காது. ஆனால் மும்பையில் ஏற்றமும் இறக்கமும் ஐந்து மீட்டர் வரை போகும், மழைக்காலத்தில் அடிமண்ணை அலை வாரிக்கொண்டு போகும். புதைத்த குழாய் புதைந்தே இருக்கிறதா என்று ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் முக்குளிப்பவர் போய்ப் பார்க்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் இதற்குத் தனிப் பணம் ஒதுக்காவிட்டால் யாரும் போகமாட்டார்கள்.

மெல்லிய குழாய்களுக்குச் செம்பு நிக்கல் வலையோ உலோக நாடாவோ சுற்றலாம். கேபிள்காரர்களின் அந்தப் பழைய பித்தளை வித்தை இன்றும் செல்லும். வேலை முடிந்ததும் மரச்சட்டம், முட்டுக்கட்டை எதையும் குழாயின் மேல் விட்டுவரக் கூடாது. அமெரிக்கக் கடற்படைக்காக ஆழ்கடலில் பொருட்களைச் சோதித்த ஜேம்ஸ் முராவோகா, மரத்துண்டு ஒட்டியிருந்த இடத்தில் துளைப்பான்கள் மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்குள் போனதைக் கண்டார். மறந்து விட்டுவந்த ஒரு கட்டை போதும், சிப்பிக்கு அது ஏணி.

எல்லாவற்றுக்கும் முன்னால் நம் நீரில் நம் பொருளைச் சோதிக்க வேண்டும். 1953ல் மரத்துக்குச் செய்ததைப் பிளாஸ்டிக்குக்குச் செய்வதுதான். 1933ல் தொடங்கிய, பாலிமர் படிப்புக்குப் பேர்போன ரசாயனத் தொழில்நுட்பக் கழகம் மாட்டுங்காவில் இருக்கிறது. பி.வி.சி., ஏ.பி.எஸ்., எச்.டி.பி.இ. துண்டுகளை மாகிம், மனோரி, டிராம்பே, எலிஃபன்டா நான்கு இடங்களிலும் தோணித்துறையில் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு துண்டை எடுத்து, நீளவாக்கில் அறுத்து, எந்த ஆழத்தில் எத்தனை பொந்து என்று எண்ண வேண்டும். மேலே தெரியும் ஊசித்துளையை வைத்து முடிவுகட்டக் கூடாது என்பதால்தான் அறுக்கச் சொல்கிறேன். தேவைப்படுவது கயிறு, ரம்பம், ஒரு மாணவர் குழு, கூட்டிப்போக ஒரு கோலிப் படகு. மனோரிக் குழாய்க்குப் பொருளைத் தேர்வு செய்பவர்களின் மேசையில் அந்த எண்ணிக்கை இருக்க வேண்டும்.